பழ மலையாண்டியின் வண்டி

டீசல் வண்டி விஷயத்தில் இதுவரை ஏமாறாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் மதுரை காளவாசலில், பைபாஸ் ரோட்டை ஒட்டிய சந்தில் குடியிருக்கிறார். பெயர் இன்பசேகரன். இதை அவரே பலமுறை சொல்லியிருப்பதால் யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ரோட்டில் ஒரு லாரி போனால் போதும், காதை லேசாகச் சாய்ப்பார். "கிளட்ச் பிளேட்டு தேஞ்சு கெடக்கு" என்பார். அடுத்ததற்கு, "பம்பு வேல கேக்குது." அதற்கடுத்ததற்கு, "இவன் ஆயில் மாத்தி ரெண்டு தீவாளி ஆச்சு." ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே போகிறவர்களுக்கெல்லாம் ஆயுள் சொல்லும் ஜோசியரைப் போல. எந்த லாரியும் நின்று மறுத்துப் பேசியதில்லை. அதனால் அவர் சொன்னது எதுவும் தவறென்று நிரூபிக்கப்பட்டதும் இல்லை.

மதுரைப் பக்கம் பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் தனியாகப் போவதில்லை. பெண் பார்க்கப் போவது மாதிரிதான். விவரம் தெரிந்த ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இருபது வருஷமாக அந்த ஆள் இன்பசேகரன். போவார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார். சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தால், "துருப்பிடிச்ச பக்கத்த சொவத்துக்குக் காட்டி நிறுத்திருக்கான்" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்வார். குனிவார், மூடியைத் திறப்பார், கண்ணை மூடிக்கொள்வார். கடைசியில் இரண்டே வார்த்தை.

"வேணாம் மாப்ள."

அவர் வேண்டும் என்று சொன்ன வண்டி ஒன்றுகூடக் கிடையாது. ஏமாறாமல் இருப்பதற்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஜெய்சன் என்று அவருக்கு ஒரு கூட்டாளி. முன்னொரு காலத்தில் சொந்த வண்டி வாங்க ஆசைப்பட்டு இவரைக் கூட்டிக்கொண்டு போனான். இவர் வேணாம் என்றார். அந்த வண்டியை வேறொருவர் வாங்கினார். இன்றைக்கு அவரிடம் மூன்று வண்டி ஓடுகிறது. ஜெய்சன் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறான். "நீ மட்டும் அன்னைக்கி வாயத் தொறக்காம இருந்திருந்தா இன்னைக்கி நானும் மொதலாளி மாப்ள" என்று வருஷத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸ் கேக் கொடுக்க வரும்போது சொல்வான். அதற்கு இன்பசேகரன், "அந்த வண்டி எப்ப வேணா உக்காரும். பாத்துக்கிட்டே இரு" என்பார். ஜெய்சன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான்.

ஆனால் இன்பசேகரனின் புகழுக்குக் காரணம் இதெல்லாம் இல்லை. பழம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் விரகனூர் பக்கம், ரிங் ரோட்டில், பழைய வண்டி வாங்கி விற்கும் மலையாண்டியின் பட்டறையில் நடந்தது. யாருக்காகவோ ஒரு வண்டி பார்க்கப் போயிருந்தார். வண்டி பட்டு மாதிரி ஓடியது. கூட வந்தவர்கள் எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஸ்பானர் கேட்டார். வண்டிக்கு அடியில் போய் கியர் பாக்ஸின் திருகாணியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எடுத்தார். மோந்தார். எழுந்து நின்று விரலை எல்லோருக்கும் காட்டினார்.

"நாட்டுப்பழம்," என்றார். "நேத்து வாங்குனது."

பல் தேய்ந்த கியர் பாக்ஸ் ஊளையிடும். நன்கு கனிந்த வாழைப்பழத்தை உரித்து உள்ளே திணித்தால், அது ஆயிலோடு கூழாகி பல்லுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச தூரத்துக்கு வண்டி பூனை மாதிரிப் போகும். அதற்குப் பிறகு பழைய குருடி கதவைத் திறடி. அதற்குள் வண்டி கைமாறியிருக்கும்.

அன்றைக்கு இன்பசேகரன் பட்டறைக்கு நடுவில் நின்று சொன்னதை இன்றும் மதுரையில் டிரைவர்கள் சொல்வார்கள்: "பழத்த சாமிக்கு வைங்கடா. கியர் பாக்ஸ் என்ன விரதமா இருக்கு?"

அதிலிருந்து மலையாண்டி, பழ மலையாண்டி ஆனார். பட்டறைக்குப் பழக்கடை என்று பெயர் விழுந்தது. ஒருமுறை கல்யாண வீட்டுக்காரர்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி வாழைத்தார் விலை கேட்டார்கள் என்பார்கள். அது கட்டுக்கதையாகவும் இருக்கலாம்.

இப்படிப்பட்ட இன்பசேகரனுக்கு வேலை போய்விட்டது.

சிம்மக்கல்லில் ஹாலாஸ்யம் என்பவருடைய பலசரக்கு மண்டியில் அவர் லாரி டிரைவர். மீசை கறுப்பாக இருந்தபோது சேர்ந்தவர். ஹாலாஸ்யம் போன மாசியில் காலமானார். மகன் சென்னையிலிருந்து வந்து, பதினாறாம் நாள் முடிந்த கையோடு வண்டிகளை விற்றான். இனிமேல் போனில் புக் பண்ணினால் வேண்டும்போது வண்டி வருமாம். "ஒங்களுக்கு ஏதாவது பண்றேன் அங்கிள்" என்று சொன்னான். போனில் புக் பண்ண முடியாத காரியம் என்பதாலோ என்னவோ, அதை அவன் பண்ணவில்லை.

ஐம்பத்து நாலு வயசு டிரைவரை யாரும் சேர்ப்பதாக இல்லை. பார்சல் ஆபீஸில் கேட்டார். செங்கல் சூளையில் கேட்டார். ஒரு காலேஜில் பஸ் ஓட்டக் கேட்டபோது, கண்ணாடி போட்டிருக்கிறீர்களே என்றார்கள். கண்ணாடி போட்டால்தானே தெரியும் என்றார். அந்தப் பேச்சோடு அதுவும் முடிந்தது. காலையில் எழுந்து, சவரம் செய்து, சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லாரிகளுக்கு ஆயுள் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அதுவும் குறைந்தது. லாரி போகும், அவர் பேசாமல் இருப்பார். அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவி முத்துச்செல்வியின் குரல் வரும்.

"பேரிங் போயிருச்சு போல."

சரியாகத்தான் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கும் காது பழகிவிட்டது. முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டே கியர் பாக்ஸ் ஊளையையும் டர்போ விசிலையும் பிரித்துச் சொல்லக்கூடிய பெண்பிள்ளை தமிழ்நாட்டில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அவள் அப்படிச் சொல்வது அவரைப் பேசவைப்பதற்காக. அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால் பேச முடியவில்லை.

வழி ஒன்று மாட்டுத்தாவணியில் திறந்தது. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் தங்கப்பொண்ணு, மண்டிக் காலத்துப் பழக்கம். வலையங்குளம், எலியார்பத்திப் பக்கத்து மல்லிகையெல்லாம் அந்தம்மா கடைக்குத்தான் வரும்.

"ஏய்யா இன்பசேகரு, எங்க பழைய வண்டிக்காரன் திருப்பூருக்குப் போயிட்டான். ஆவணி பொறந்தா முகூர்த்தம். பூவு மலையா வந்து குமியும். தோட்டத்துல ஏத்தி, விடியுமுன்ன இங்கன எறக்கணும். வருசம் பூரா லோடு. வாரியா?"

"வாரேன்க்கா. எந்த வண்டி?"

"ஒன் வண்டிதான். வண்டியில்லாத டிரைவர வச்சு நான் என்னய்யா பண்ண? நாரில்லாத பூவு மாதிரி. ஆவணி ஒண்ணு அன்னைக்கி வண்டியோட வந்து நில்லு. இல்லேனா வேற ஆளு கேட்டுக்கிட்டு இருக்கான்."

வீட்டில் வந்து சொன்னார். முத்துச்செல்வி எதுவும் கேட்கவில்லை. செக்கானூரணிப் பக்கம் அவளுக்குப் பிறந்த வீட்டுப் பங்காக வந்த துண்டு நிலம் இருந்தது. அதை விற்றுவிட்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்போது பஸ்ஸில் அவர்தான் அழுகிற மாதிரி இருந்தார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நல்ல வண்டியாப் பாருங்க," என்றாள். "ஊருக்கெல்லாம் பாத்தீங்க. நமக்குப் பாக்கத் தெரியாதா ஒங்களுக்கு."

இந்த உலகத்தில் இன்பசேகரன் ஏமாற மாட்டார் என்று நம்புகிற ஆள் அவரைத் தவிர அவள் ஒருத்திதான் மிச்சம். அவரும் கொஞ்ச நாளாக நம்பவில்லை.

ஆடி முழுக்க வண்டி பார்த்தார். நிலம் விற்றதற்குக் கட்டுப்படியான வண்டிகள் ஓடவில்லை; ஓடிய வண்டிகள் கட்டுப்படியாகவில்லை. திருமங்கலத்தில் ஒன்று பார்த்தார், என்ஜினில் புகை. மேலூரில் ஒன்று, சேஸிஸில் ஒட்டு. ஒவ்வொரு இடத்திலும் "வேணாம் மாப்ள" என்றார். திரும்பிப் பார்த்தால், கேட்பதற்குப் பின்னால் மாப்ள யாரும் இல்லை. அந்தப் பணமோ அரிசியாகவும் கேஸாகவும் கரைய ஆரம்பித்திருந்தது. ஆடி முடியப் போகிறபோது மிச்சமிருந்தது ஒரே இடம். ஜெய்சனைத் துணைக்குக் கூப்பிட்டார்.

"எங்க மாப்ள?"

"ரிங் ரோட்டுக்கு."

"ரிங் ரோட்டுல எங்க?"

இன்பசேகரன் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். ஜெய்சனுக்குப் புரிந்துவிட்டது. பைக்கில் தெப்பக்குளம் தாண்டுகிற வரைக்கும் அவன் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த இவர், ரோடு சரியில்லை என்று எடுத்துக்கொண்டார்.

பட்டறை அப்படியே இருந்தது. மலையாண்டிதான் இளைத்துப் போயிருந்தார். இன்பசேகரனைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கண்ணே. ஆடி மாசம் பாத்து வந்துருக்கீக. ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல."

"ஆடித் தள்ளுபடி எதும் உண்டாண்ணே?" என்றான் ஜெய்சன்.

"அத ஜவுளிக்கடையில கேளுங்க தம்பி. இங்க எல்லாமே ஏற்கெனவே கிழிஞ்ச துணி."

ஓரமாக நின்றது அந்த மினி லாரி. நீலக் கேபின். பதினெட்டு வருஷத்துப் பழசு. பின்பக்கப் பலகையில் யாரோ ஒரு காலத்தில் 'பொறாமைப்படாதே' என்று எழுதியிருந்தார்கள். முன்னெழுத்துகள் அழிந்து இப்போது 'மைப்படாதே' என்றிருந்தது. இனி யாரும் படப் போவதில்லை என்று வண்டிக்கே தெரிந்திருக்கும். அதைச் சுவரை ஒட்டி நிறுத்தவில்லை. நடுவெளியில், நாலு பக்கமும் துரு தெரியும்படி நிறுத்தியிருந்தார்கள். இன்பசேகரனுக்கு முதல் உறுத்தல் அங்கேயே தொடங்கியது.

"ஸ்பானர் குடு மலையாண்டி," என்றார்.

மலையாண்டி ஏற்கெனவே கையில் வைத்திருந்தார்.

அடியில் போனார். திருகாணியைக் கழற்றினார். விரலை விட்டு எடுத்து மோந்தார். கருகின ஆயில் வாடை. இன்னொரு தரம் மோந்தார். வேறு எதுவும் இல்லை. வெளிச்சத்துக்கு வந்து விரலைப் பார்த்தார். ஜிகினா ஒட்டினாற்போல நுனி மினுமினுத்தது. அவ்வளவும் கியர் பல்லிலிருந்து உதிர்ந்த இரும்பு.

"பழம் போடலையா?" என்று கேட்டார். கேட்டபோது குரலில் ஏமாற்றம் தெரிந்துவிட்டது.

"போடலண்ணே. ஒங்களுக்குப் போயி."

"மரத்தூளு?"

"ஒண்ணும் போடல. கியர் பாக்ஸ் காலி. ஊளையிடும். மூணாவது கியரு நிக்காது, மேட்டுல ஏறும்போது தானா நியூட்ரலுக்கு வந்துரும். ரிவர்ஸு மட்டும் அருமையா விழும்."

"ரிவர்ஸ்லயே எம்புட்டுத் தூரம்ணே போறது?" என்றான் ஜெய்சன்.

"உள்ளதச் சொன்னேன் தம்பி. அன்னைக்கி அண்ணன் போட்ட போடுல எம் பிள்ளைய பள்ளிக்கூடத்துலயே பழக்கடைப் பொண்ணுன்னு கூப்புட்டாங்ய. வீட்டுக்கு வந்து, 'யாரயும் ஏமாத்தாதப்பா'ன்னு அழுதுச்சு. அதுலருந்து உள்ளத உள்ளபடி சொல்லித்தான் யாவாரம்."

"யாவாரம் எப்புடி?" என்றார் இன்பசேகரன்.

"படுத்துருச்சு," என்றார் மலையாண்டி.

இன்பசேகரனுக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு இக்கட்டு வந்ததில்லை. ஏமாற்றுகிறவனைப் பிடிப்பது அவருடைய வித்தை. உண்மையைச் சொல்கிறவனை என்ன செய்வது என்று அதில் இல்லை. வண்டியைச் சுற்றி வந்தார். கண்டுபிடிக்க ஒன்றும் பாக்கியில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்.

"என்ஜின் மட்டும் நல்லாருக்கும்ணே," என்றார் மலையாண்டி, மன்னிப்புக் கேட்கிற குரலில். "எடுத்து ஓட்டிப் பாருங்க."

ஓட்டிப் பார்த்தார்கள். ரிங் ரோட்டில் ஏறியதும் ஊளை ஆரம்பித்தது. நரியைச் சாக்கில் கட்டிக் காலடியில் போட்ட மாதிரி. இரண்டாவது கியரில் முனகல், மூன்றாவதில் ஒப்பாரி. வைகைப் பாலம் ஏறும்போது 'டக்' என்று ஒரு சத்தம். கியர் கம்பி இன்பசேகரன் கையிலிருந்து விலகி நடுவில் வந்து நின்றுகொண்டது. என்ஜின் மட்டும் தனியாகக் கத்தியது. வண்டி தயங்கி, மெல்லப் பின்னால் போகப் பார்த்தது. பின்னால் வந்த டவுன் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்ன மாப்ள, வண்டி மனசு மாறிருச்சா?" என்றான் ஜெய்சன்.

இன்பசேகரன் மறுபடி மூன்றாவதில் தள்ளி, இடது கையால் கம்பியை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிடித்திருந்தால் நின்றது. விட்டால் வந்தது. பாலம் முடிவதற்குள் தோள் கழன்றுவிடும்போல வலித்தது. கீழே ஆற்றில் மணலும் கருவேலமும் கிடந்தன. தண்ணீர் ஒரு ஓரமாக, யாரோ கொட்டிவிட்டுப் போனது மாதிரி தேங்கியிருந்தது.

பாலம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி அணைத்தார். அணைத்த பிறகும் காதில் ஊளை ஓயவில்லை. இரண்டு டீ வந்தது.

"சொல்லு மாப்ள," என்றான் ஜெய்சன்.

"என்னத்த?"

"அந்த ரெண்டு வார்த்தையத்தான். எனக்குன்னா டக்குனு சொன்ன. அந்த வண்டி இதுக்கு ராசா வண்டி."

இன்பசேகரன் டீயைப் பார்த்தார்.

"கியர் பாக்ஸ எறக்கி வேல பாத்தா?"

"நீதான் எனக்குச் சொல்லணும்."

"இந்த மாடலுக்குப் பல்லு வாரதில்ல. பாக்ஸோட மாத்தணும். பாக்ஸு மாத்துற காசுக்கு இன்னொரு வண்டி வாங்கலாம்."

"அப்ப வேணாம்."

"வேணாம்னா?"

"வேணாம்னா வேணாம்தான் மாப்ள."

"வேணாம்னுட்டு?" என்றார் இன்பசேகரன். "நாளைக்கிக் காலையில நான் எங்கிட்டுப் போக?"

ஜெய்சன் எழுந்து போய் டீக்குத் தானே காசு கொடுத்தான்.

இருபது வருஷமாகத் தான் 'வேணாம்' சொல்லி அனுப்பியவர்களெல்லாம் அதற்குப் பிறகு எங்கே போனார்கள் என்று இன்பசேகரன் யோசித்ததே இல்லை. வேணாம் என்ற சொல்லோடு அவர் வேலை முடிந்துவிடும். அவர் காளவாசல் பஸ் ஏறிவிடுவார். வாங்க வந்தவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போய், என்னவென்று கேட்கிற பெண்டாட்டி முகத்தைப் பார்த்திருப்பான். இப்போது அந்த வீட்டுக்குத்தான் அவர் போக வேண்டும்.

மலையாண்டியின் வண்டி நல்ல வண்டி இல்லை. வாங்கினால் ஒரு மாதமோ ஆறு மாதமோ ஓடும். ஏதோ ஒரு விடியற்காலை, பூ மூட்டைகளோடு நடுவழியில் உட்காரும். பூ வாடும். தங்கப்பொண்ணு வேறு ஆள் பார்ப்பாள். நிலமும் இருக்காது, வண்டியும் இருக்காது. இது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. வாங்காவிட்டால் இதெல்லாம் நாளைக்கே நடந்துவிடும். அதுவும் தெரிந்தது. அம்புட்டும் தெரிந்த மனிதர் அவர். தெரிவதால் என்ன பிரயோஜனம் என்பது மட்டும்தான் தெரியவில்லை.

போன் அடித்தது. முத்துச்செல்வி.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"எப்புடிங்க இருக்கு?"

"என்ஜின் நல்லாருக்கு."

"கியர் பாக்ஸு? சத்தம் கித்தம் இருக்கா?"

ஜெய்சன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி அணைந்து, வேப்பமரத்தடியில் சாதுவாக நின்றது.

"சத்தம் எதுவும் இல்ல," என்றார் இன்பசேகரன்.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. அவ்வளவு நாளாக அவள் அடக்கி வைத்திருந்த மூச்சு அது என்று போனிலேயே தெரிந்தது.

"நீங்க பாத்தா தப்பாவா இருக்கும்," என்றாள். "முடிச்சிருங்க. ஆவணி ஒண்ணுல எடுப்போம். பாண்டி கோயில்ல பூசை போட்டுட்டு அப்புடியே மொத லோடுக்குப் போவோம். நானும் வாரேன். முன்னால ஒக்காந்து வரணும்னு எம்புட்டு நாள் ஆசை தெரியுமா."

ஜெய்சன் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னான்: "மாப்ள, எங் காதுல ஒண்ணும் விழல."

பட்டறைக்குத் திரும்பி முன்பணம் கொடுத்தபோது மலையாண்டி வாங்கத் தயங்கினார்.

"அண்ணே, நெசமாத்தான் சொல்றீகளா? வேணும்னா இன்னும் கொஞ்ச நாள் பாருங்க."

"நீ உள்ளதச் சொல்லிட்டேல்ல. அப்புறம் என்ன," என்றார் இன்பசேகரன். பழைய வண்டி விற்கிறவன் வாங்க வேண்டாம் என்று கெஞ்ச, வாங்குகிறவன் பிடிவாதமாகப் பணத்தைச் சட்டைப்பையில் திணித்த காட்சியை மதுரை அன்றுதான் கண்டது.

ஆவணி முதல் தேதி விடிந்தது. முத்துச்செல்வி தலைக்குக் குளித்து, அரக்குச் சேலை கட்டி, பூசைக்கு வேண்டியதை மஞ்சள் பையில் எடுத்து வைத்தாள். தேங்காய், சூடம், வெற்றிலை பாக்கு, டயருக்கு வைக்க எலுமிச்சம்பழம், ஒரு சீப்பு நாட்டுப்பழம்.

"நான் பஸ்ல போயி கோயில் வாசல்ல நிக்கிறேன். வண்டிய எடுத்துட்டு நேரா வந்துருங்க. பைய நீங்களே வச்சுக்கிருங்க, வெறும் வண்டியா கொண்டாரக் கூடாது."

பழத்தைத் தொட்டுப் பார்த்தார். நன்றாகக் கனிந்திருந்தது. சிம்மக்கல்லில் முந்தின நாள் வாங்கியிருக்கிறாள்.

"நல்ல பழமா இருக்கே," என்றார்.

"சாமிக்காச்சே," என்றாள்.

பட்டறையிலிருந்து வண்டியை எடுத்தபோது மலையாண்டி கும்பிட்டு வழியனுப்பினார். ரிங் ரோட்டில் ஊளை அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பாலத்தில் கியரை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கையை எடுக்காமலே ஓட்டினால் அது பழைய டிரைவர்களின் பழக்கம் என்று முத்துச்செல்வி நினைத்துக்கொள்வாள். அந்தக் காலத்திலிருந்தே அவர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். கை பரவாயில்லை. சத்தம்தான். கேபினில் ஏறி, சேலையைச் சரிசெய்து, ஆசையாக வெளியே பார்ப்பாள். இரண்டாவது கியர் விழும். அவள் காது லேசாகச் சாயும். ஒன்றும் சொல்ல மாட்டாள். அதற்கு மேல் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பாண்டி கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஓரம் கட்டினார். இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பானரை எடுத்தார். துண்டை விரித்து அதன்மேல் படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்து போனார். மஞ்சள் பையையும் இழுத்துக்கொண்டார்.

திருகாணி சுலபமாக வந்தது. முதல் பழத்தை உரித்தார். ஓட்டையில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினார். போனது. இரண்டாவதை உரித்தார். சூடான ஆயில் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கி, சலவைச் சட்டையில் ஊறியது.

ரோட்டில் ஒரு லாரி வேகம் குறைத்தது. "என்னண்ணே, பிரேக்டவுனா?" என்று மேலேயிருந்து ஒரு குரல்.

"இல்லப்பா. ஆயில் பாக்குறேன்."

"சரிண்ணே." லாரி போய்விட்டது. அதன் கிளட்ச் வழுக்கியது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது பழம். நான்காவது பழம். திருகாணியை இறுக்கினார். வெளியே வந்து தோலையெல்லாம் பள்ளத்தில் எறிந்தார். மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று வந்து அதைத் தின்றது. வண்டியைக் கிளப்பி, சிறிது தூரம் ஓட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். ஊளை இல்லை. தொண்டை கட்டின ஆள் தனக்குள் முணுமுணுக்கிற மாதிரி ஏதோ ஒன்று மட்டும் இருந்தது. அவரே முன்பின் பார்க்காத வண்டியென்றால், ஸ்பானர் கேட்டிருப்பார்.

தூரத்தில் கோயில் வாசலில் அரக்குச் சேலை தெரிந்தது. வண்டியை நிறுத்தி, விரல்களைத் துண்டில் துடைத்தார். மோந்து பார்த்தார். மறுபடி துடைத்தார். பிறகு பையிலிருந்து சீப்பை எடுத்து, பறித்த பக்கம் அடியில் போகும்படியாக, நல்ல பக்கத்தை மேலே திருப்பி, வெற்றிலையின் மேல் வைத்தார்.